‘அது அவருடைய சொந்த விஷயம்’ என்றால் வழக்கறிஞர்கள் சட்டத்தில் பிரிவு 35 எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஈரோடு மாவட்டத்தில் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து, 2019 ஜூன் மாதம் ஓய்வு பெற்றவள். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு வக்கீலிடம் நான் பணம் கொடுத்து ஏமாந்தேன். அந்தப் பணத்துக்காகச் செக் கேஸ் தனியாக நடக்கிறது, அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். வக்கீல்களைப் பதிவு செய்து, தப்புச் செய்தால் விசாரிக்கிற பார் கவுன்சிலிலும் அவர்மேல் புகார் கொடுத்திருக்கிறேன். நான் எழுத வந்தது அந்தப் புகாருக்காக அவர் எனக்கு அனுப்பிய பதில் நோட்டீஸில் இருந்த மூன்று வரிகளைப் பற்றி.

“புகார்தாரர் என் கட்சிக்காரர் அல்ல. இது இரண்டு தனிநபர்களுக்கு இடையே நடந்த கொடுக்கல் வாங்கல். என் தொழிலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.”

இந்த மூன்று வரிகளையும் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஏன் என்று புரிய, நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

துணை சுகாதார நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸிலேயே என் காலம் போனது. என் இரண்டு பிள்ளைகள் வளர்ந்ததும் அங்கேதான், என் வீட்டுக்காரர் தவறியதும் அங்கேதான். ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்து வாடகை வீட்டுக்குப் போனேன். பணிக்கொடை, பி.எஃப்., கம்யூட்டேஷன் எல்லாம் கைக்கு வந்தபோது எனக்கு இருந்த ஒரே யோசனை, சொந்தமாக ஒரு சின்ன வீடு. அந்த வக்கீல் எங்கள் ஊர்க்காரர்தான். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டவள் நான். தன் பேரில் 4 சென்ட் மனை இருக்கிறது, 14 லட்சத்துக்குத் தருகிறேன் என்றார். 2021 ஜனவரியில் 6 லட்சம் முன்பணம் கொடுத்தேன். 4 லட்சம் பேங்க் மூலம், 2 லட்சம் ரொக்கமாக. ரொக்கம் அவர் கேட்டது. 20 ரூபாய் பத்திரத்தில் அவரே கிரய ஒப்பந்தம் எழுதினார். அவருடைய குமாஸ்தாதான் சாட்சி.

“இதை ரெஜிஸ்டர் பண்ணோணுமுங்களா?” என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “நர்சம்மா, எழுதறது யாருங்க? நான் சட்டம் படிச்சவன். உங்களை ஏமாத்திப்போட்டு நான் நாளைக்குக் கோர்ட்டுல கோட்டுப் போட்டுட்டு நிக்க முடியுமுங்களா?”

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எனக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் காட்டிய வில்லங்கச் சான்றிதழ் 2020 ஆகஸ்ட் வரைக்கும்தான் போட்டது. அதையும் நான் கவனிக்கவில்லை. கிரயம் பண்ணித் தராமல் ஊரடங்கு, உடம்பு சரியில்லை, தாசில்தார் ஆபீஸில் வேலை என்று ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார். 2022 மார்ச்சில் நானே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அந்த மனையை அவர் 2020 அக்டோபரிலேயே தன் மனைவி பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்திருந்தார். என்னிடம் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிய அன்றைக்கு அந்த மண்ணில் அவருக்கு ஒரு அடிகூட இல்லை.

போய்க் கேட்டேன். கோபப்படவில்லை. உடனே 6 லட்சத்துக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்பே மூடிவிட்ட கணக்கின் செக் அது. “கணக்கு முடிக்கப்பட்டது” என்ற மெமோவோடு பேங்க்கிலிருந்து திரும்பி வந்தது. இப்போது கோர்ட்டில் அவர் சொல்வது, அது பாதுகாப்புக்காகக் கொடுத்த வெற்றுச் செக், ரொக்கமாக 2 லட்சம் தான் வாங்கவே இல்லை என்பது.

போலீஸ் ஸ்டேஷனில் என்னை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார்கள். “வக்கீல் சமாச்சாரமுங்க அம்மா, சிவில் மேட்டர், கோர்ட்டுலயே பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போக ஒரு வக்கீல் வேண்டுமே. எங்கள் ஊரில் மூன்று பேரிடம் போனேன். ஒருவர் தலைவலி என்றார். ஒருவர் அடுத்த வாரம் வரச் சொன்னார், அடுத்த வாரம் ஆபீஸ் பூட்டியிருந்தது. மூன்றாமவர்தான் மனசு விட்டுச் சொன்னார்: “அக்கா, தினமும் அந்த ஆள் மூஞ்சியில முழிக்கோணும். அவர் மேல வக்காலத்துப் போட்டா நாளைக்கு எனக்கு ஒரு வேலைன்னா யாரும் கூட நிக்க மாட்டாங்க.” அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். குறிப்பிட்ட சிலருக்காக ஆஜராக மாட்டோம் என்று கோவை வழக்கறிஞர்கள் போட்ட தீர்மானம் தொடர்பாக 2010-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்பது அந்தத் தீர்ப்பு. தீர்மானம் எதுவும் எழுதாமலே கதவு சாத்தப்படுகிற இடத்தில் அந்தத் தீர்ப்பு எனக்கு எப்படி உதவும் என்று தெரியவில்லை.

கடைசியில் 40 கிலோமீட்டர் தாண்டி ஈரோட்டில் ஒரு பெண் வக்கீல் என் காகிதக் கட்டை வாங்கிப் படித்தார். வயது முப்பதுகூட இருக்காது. ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, “முதல்ல மெமோவைக் காட்டுங்கம்மா, நாள் போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். மெமோ வந்து 30 நாளைக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. அந்தக் கணக்குக்குள் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். வக்கீல்கள் எல்லோரும் இப்படித்தான் என்று பொத்தாம்பொதுவாக யாராவது என் எதிரில் பேசினால் எனக்குப் பிடிக்காது. இந்தக் கடிதத்தில் இருக்கிற சட்ட விவரங்கள் அவர் எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவை. எங்காவது பிசகு இருந்தால் அது நான் எழுதிக்கொண்டதில் இருக்கும்.

இனி அந்த மூன்று வரிக்கு வருகிறேன்.

1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டத்தில் பிரிவு 35 என்று ஒன்று இருக்கிறது. ஒரு வழக்கறிஞர் தொழில் சார்ந்த தவறான நடத்தையோ ‘பிற’ தவறான நடத்தையோ செய்தார் என்று நம்பக் காரணம் இருந்தால், மாநில பார் கவுன்சில் அதை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். நான் இந்தப் பிரிவை என் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். தொழில் சார்ந்தது என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ‘பிற’ என்று இன்னொரு சொல்லும் இருக்கிறதே. 1926-ஆம் வருஷத்து பழைய பார் கவுன்சில் சட்டத்திலேயும் அந்தச் சொல் இருந்ததாம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து யாரோ யோசித்துத்தான் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் நடத்தை விதிகளுக்கு ஒரு முகவுரை உண்டு. மற்றவர்கள் செய்தால் சட்டப்படி சரியாகவும் ஒழுக்கமாகவும் இருக்கிற ஒரு செயல், வழக்கறிஞரே தொழிலுக்கு வெளியே செய்தால் சரியாக இருக்கிற ஒரு செயல்கூட, வழக்கறிஞர் என்ற முறையில் தகாததாக இருக்கலாம், அதை மனதில் வைத்து எப்போதும் நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். சரியான செயலுக்கே இவ்வளவு என்றால், இல்லாத மனையை விற்பதற்கு என்ன சொல்வது?

வக்கீல் தொழிலுக்குள் நுழைகிற வாசலிலேயும் அப்படித்தான். அதே சட்டத்தின் பிரிவு 24ஏ-படி ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரை வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கூடாது, விடுதலையாகி இரண்டு வருஷம் ஆகும்வரை. அந்தக் குற்றம் வக்கீல் தொழிலில் நடந்திருக்க வாய்ப்பே இல்லை, அப்போது அவர் வக்கீலே இல்லையே. உள்ளே விடும்போது ஒருவருடைய சொந்த நடத்தையைப் பார்க்கிற சட்டம், உள்ளே வந்த பிறகு அதைப் பார்க்காது என்று எப்படிச் சொல்ல முடியும்?

உத்தரப்பிரதேசத்தில் பதாயூன் என்ற ஊரில் 1971-ல் ஒரு வழக்கறிஞர் கோர்ட் அறைக்குள்ளேயே எதிராளியைக் கத்தியால் குத்தினார். மூன்று வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. தண்டனையைக் கவர்னர் நிறுத்திவைத்ததாக ஒரு போலிக் கடிதம் வந்தது. அந்த வழக்கு 1997-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது பெயரையே நீக்கிவிட்டார்கள். குத்துப்பட்டவர் அவருக்குக் கட்சிக்காரர் இல்லை.

என்னோடு ஒத்துப்போகிறதை மட்டும் சொன்னால் அது நேர்மை ஆகாது. எனக்கு எதிராக இருக்கிறதையும் சொல்கிறேன், அவருடைய நோட்டீஸிலும் அவை இருக்கின்றன. சென்னையில் ஒரு வாடகை வழக்கு. அதில் ஒரு தரப்பாகத் தனக்காகத் தானே நின்ற ஒரு வழக்கறிஞர் மேல் புகார் வந்தது. அவர் வழக்கறிஞராக அல்ல, வழக்காடுபவராக நின்றவர் என்று பார்த்து 2004-ல் சுப்ரீம் கோர்ட் புகார்தாரரின் அப்பீலைத் தள்ளிவிட்டது. அப்புறம் 2025 செப்டம்பரில் மகாராஷ்டிர பார் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில், தொழில் சார்ந்த தவறு என்று புகார் செய்ய, புகார்தாரருக்கும் வக்கீலுக்கும் இடையே பொதுவாகத் தொழில்முறை உறவு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வீண் புகாரை விசாரணைக்கு அனுப்பியதற்காக அந்த பார் கவுன்சிலுக்கு 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. அந்த 50,000 ரூபாயை எனக்கு வந்த நோட்டீஸில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவளுக்கு அது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த வழக்கு எதைப் பற்றியது என்று என் வக்கீலிடம் கேட்டேன். ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்காக வழக்கு நடத்தியதற்காகவே, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்றாம் ஆள் அவர் மேல் புகார் கொடுத்திருக்கிறார். அந்தத் தீர்ப்பு சரிதான் என்றே நினைக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாக வாதாடினார் என்பதற்காகத் தோற்றவர்கள் எல்லோரும் புகார் கொடுக்கக் கிளம்பினால் எந்த வக்கீலும் தைரியமாக யாருக்காகவும் நிற்க முடியாது. என் ஈரோட்டு வக்கீல் எனக்காக நிற்கிறாரே, அவரையும் நாளைக்கு அப்படித்தான் மிரட்டுவார்கள். என் விஷயம் வேறு. என்னிடம் பேசியவர், எழுதியவர், கையெழுத்துப் போட்டவர், பணத்தை எண்ணி வாங்கியவர் எல்லாம் ஒரே ஆள்.

கடனைத் திருப்பிக் கட்ட முடியாத வக்கீலைத் தொழிலை விட்டுத் துரத்த வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வக்கீலுக்கும் கஷ்டம் வரும். கொரோனா காலத்தில் கோர்ட் மூடிக்கிடந்தபோது எத்தனை இளம் வக்கீல்கள் தவித்தார்கள் என்று எங்கள் தெருவிலேயே பார்த்தேன். வாங்கிய கடனைக் கொடுக்க வழியில்லாமல் போவது ஒன்று. வாங்கும்போதே பொய் சொல்லி வாங்குவது வேறொன்று. முதலாவதற்குக் கோர்ட் போதும். இரண்டாவது செய்தவர் மறுநாள் காலையில் நீதிபதி முன்னால் நின்று, “இந்த ஆவணம் உண்மையானது” என்று சொல்லும்போது நீதிபதி எதை வைத்து நம்புவார்?

என் வேலையில் எப்படி இருந்தது என்று சொன்னால் வித்தியாசம் விளங்கும். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 என்று ஒன்று எங்களுக்கு உண்டு. நிலம் வாங்கினால் மேலதிகாரிக்கு எழுத வேண்டும். எப்போதும் கடனில் மூழ்கியிருக்கிற மாதிரி நடந்துகொள்ளக் கூடாது. என்னோடு பயிற்சி முடித்த ஒரு சிநேகிதி, வீட்டில் சீட்டு நடத்தி அது உடைந்து, பத்துப் பதினைந்து பேருக்குப் பணம் கொடுக்க முடியாமல் போனாள். ஊசி போடுவதிலோ பிரசவம் பார்ப்பதிலோ அவள்மேல் ஒரு குறை கிடையாது. ஆனாலும் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) சார்ஜ் மெமோ வந்தது, சஸ்பென்ஷன் ஆனாள். சீட்டு என் சொந்த விஷயம் என்று அவள் எழுதிக்கொடுத்ததை யாரும் ஏற்கவில்லை. அவள் நல்லவள், அவளுக்காக நான் அழுதிருக்கிறேன். ஆனாலும் அந்த மெமோ தப்பென்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. அவள் நர்சு என்பதால்தானே ஜனங்கள் அவளிடம் சீட்டுப் போட்டார்கள். ஒரு கிராமத்து நர்சுக்கு இருக்கிற இந்தக் கட்டுப்பாடு, நீதிமன்றத்தின் அலுவலர் என்று சட்டமே மரியாதை கொடுக்கிற ஒருவருக்கு இல்லாமல் போகலாமா?

நானும் வேறெதையும் நம்பிப் பணம் கொடுக்கவில்லை. அவர் ஒரு மளிகைக் கடைக்காரராக இருந்திருந்தால் அந்தப் பத்திரத்தை இன்னொருவரிடம் காட்டிக் கேட்டிருப்பேன். வக்கீலே எழுதும்போது எந்த வக்கீலிடம் போய்க் காட்டுவது? கோட்டுப் போட்டு நிற்க முடியுமா என்று கேட்டாரே, அந்தக் கோட்டைத்தான் எனக்கு ஜாமீனாகக் காட்டினார். ஜாமீனாகக் காட்டிய பொருளை, பணம் வாங்கிய பிறகு இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறார். என் வழக்கைப் பொறுத்தவரை ‘தொழிலுக்குச் சம்பந்தம்’ என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். வக்கீல்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அவர் எனக்குச் சேவை செய்யவும் இல்லை. ஆக, தொழில் ரீதியாகக் கேள்வி கேட்க இருக்கிற இடம் பார் கவுன்சில் ஒன்றுதான்.

அங்கே பணம் திரும்பக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சென்னையிலிருந்து போன ஒரு பழைய வழக்கு எனக்குத் தெம்பு கொடுத்தது. காது கேட்காத 70 வயதுப் பெரியவரும் அவருடைய வயதான மனைவியும், 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமான இரண்டு புரோநோட்டுகளை ஒரு வக்கீலிடம் கொடுத்திருந்தார்கள். அவர் வழக்கே போடாமல், போட்டதாகப் பொய் நம்பர் கொடுத்தார். மாநில பார் கவுன்சில் ஆறு வருஷம் தடை விதித்தது, டெல்லியில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா அதை ஒரு வருஷமாகக் குறைத்தது. 1979-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ண ஐயர், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும், இலவச சட்ட உதவியில் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு புது வழி காட்டினார். கூட இருந்த நீதிபதி ஒருவர் அந்தத் தண்டனையை ஏற்கவில்லை. எது சரி என்று தீர்மானிக்க எனக்குப் படிப்பு போதாது. ஏமாந்த கிழவரையும் நினைத்துப் பார்த்து ஒரு நீதிபதி தண்டனை எழுதியிருக்கிறார் என்பதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

ஆறு வாரத்துக்கு முன் பார் கவுன்சிலுக்கு என் புகாரைச் சத்தியப்பாட்டோடு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பத்தாவது நாள் அவருக்குத் தெரிந்த ஒரு பெரிய மனுஷர் வீட்டுக்கு வந்தார். 3 லட்சம் இப்போதே தருகிறார்கள், செக் கேஸையும் புகாரையும் வாபஸ் வாங்கிவிடுங்கள், வயசான காலத்தில் உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்றார். காபி கொடுத்து அனுப்பினேன். சமரசம் ஆகிவிட்டது, வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்பதை மட்டும் காரணமாக வைத்து ஒழுங்கு விசாரணையைக் கைவிடக் கூடாது என்று பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி.

உங்கள் பத்திரிகை மூலம் பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். தன் பட்டத்தையும் பதவியையும் காட்டி நம்பவைத்து ஒரு வழக்கறிஞர் சொந்தக் கொடுக்கல் வாங்கலில் ஏமாற்றினால், அது பிரிவு 35-ல் சொன்ன ‘பிற தவறான நடத்தை’ என்று விதியில் வெளிப்படையாக எழுதிவையுங்கள். ஏமாற்றப்பட்டவர் கட்சிக்காரரா என்ற கேள்வி அந்த இடத்தில் வரக் கூடாது. ஒழுங்கு விசாரணையை ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்குப் போய்விடும் என்று 36பி பிரிவு சொல்கிறது. எனக்கு 64 வயது ஆகிறது, ஒரு வருஷம் என்பது எங்களுக்குச் சின்னக் காலம் இல்லை. முடிந்த வழக்குகளின் முடிவுகளைத் தமிழில் வெளியிடுங்கள். யார் பெயர் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, யார் பெயர் நீக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரு சாதாரண ஆள் போனில் தேடிப் பார்க்கிற மாதிரி வைத்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்கலாம். கொடுத்த பிறகு பார்த்து என்ன பிரயோசனம்?

படிக்கிறவர்களுக்கும் ஒன்று. பணம் வாங்குகிறவர் யாராக இருந்தாலும், நீங்களே போய் அன்றைய தேதி வரைக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நான் 31 வருஷம் வீடு வீடாகப் போய், ஊசி எப்போது, மாத்திரை எப்போது என்று சொன்னவள். இதையும் அந்த மாதிரி சொல்கிறேன்.

செட்டில்மென்ட் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பேங்க் மெமோ, அவருடைய பதில் நோட்டீஸ் எல்லாவற்றையும் உங்கள் பார்வைக்கு இணைத்திருக்கிறேன். அவற்றில் அவர் பெயர் வரும் இடங்களைக் கறுப்பு மையால் மறைத்திருக்கிறேன். விசாரணை முடிவதற்குள் அது வெளியே வரக் கூடாது என்று என் வக்கீல் சொன்னார், எனக்கும் அதுதான் முறை என்று பட்டது. என் பெயரையும் வெளியிட வேண்டாம், வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஈரோடு மாவட்டம்.